அக்ரெட்சுகோ ஐந்தாவது சீசன்: முக்காலியும் நாற்காலியும் (கடைசிப் பகுதிகளின் முடிவை இங்கே எழுத வேண்டாம்)

பற்றுவரவு எழுதியது:

அக்ரெட்சுகோ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் கடைசி சீசன், 2023 பிப்ரவரி 16 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம்தான். இரண்டே இரவில் பார்த்து முடித்துவிட்டேன். இதோடு தொடர் முடிகிறது என்று தெரிந்தும் மெதுவாகப் பார்க்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஹலோ கிட்டியை உருவாக்கிய சான்ரியோவின் இன்னொரு பாத்திரம்தான் ரெட்சுகோ. செம்பாண்டா (இதில் எல்லாப் பாத்திரமும் விலங்குதான்), 25 வயது, டோக்கியோவில் ஒரு வர்த்தக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பகலெல்லாம் "சரிங்க, செய்துவிடுகிறேன்" என்று தலையாட்டுவாள். ராத்திரி தனியாகக் கரோக்கே அறைக்குப் போய் டெத் மெட்டல் என்ற கரகரப்பான ராக் இசைக் குரலில் அலறித் தீர்ப்பாள். அந்த அலறலைக் கொடுப்பது தொடரின் இயக்குநர் ரரேச்சோவேதான். 2016-இல் ஜப்பான் தொலைக்காட்சியில் ஒரு நிமிடத் துணுக்குகளாக வந்தது, 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரானது.

இந்த சீசனைப் பற்றி நான் பார்த்த பேச்சில் பாதி, "ஆபீஸ் எங்கே போச்சு?" என்பதுதான். ரெட்சுகோவோடு கணக்குப் பிரிவில் இருந்த, அவளை விரும்பும் ஹைடா வேலையில்லாமல் இன்டர்நெட் கஃபேயில் படுத்துக் கிடக்கிறான், ரெட்சுகோ தேர்தலில் நிற்கிறாள், கணக்குப் பிரிவை ஆங்காங்கேதான் பார்க்கிறோம். எனக்கோ ஐந்து சீசன்களில் ஆபீஸைப் பற்றி மிக நேராகப் பேசியது இதுதான் என்று படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் சீசனில் மேலாளர் டோன், அதுதான் அந்தப் பன்றி, ரெட்சுகோவை ஒரு வார்த்தை சொல்லித் திட்டுவார். ஜப்பானியத்தில் "கொஷிகாக்கே". நேர்ப்பொருள், சற்று நேரம் குந்துவதற்கான முக்காலி. கல்யாணம் ஆகும்வரை பொழுதுபோக்க வேலைக்கு வந்த பெண் என்று ஏசுவதற்கு ஜப்பான் ஆபீஸ்களில் இந்தச் சொல் உண்டு. ஆக, முதல் சீசனிலேயே கேள்வி வந்துவிட்டது: இந்த இருக்கை உனக்குச் சொந்தமா, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக வந்தவளா? நான்காவதில் டோனின் நாற்காலியே பறிபோகிறது. ஐந்தாவதில் ஹைடாவுக்கு உட்கார ஆபீஸும் இல்லை, படுக்க வீடும் இல்லை. ரெட்சுகோவோ நாடாளுமன்ற இருக்கைக்குப் போட்டியிடுகிறாள். நம் ஊரிலும் பதவியை நாற்காலி என்றுதானே சொல்கிறோம். ஆரம்பித்த கேள்வியை விடாமல் கடைசிவரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தேன்மிட்டாய் எழுதியது:

முக்காலி விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் இந்தத் தொடரில் விழுந்ததே சின்ன விஷயங்களுக்காக. சுபோனே வந்து ஜாடியை நீட்டி மூடியைத் திறக்கச் சொல்லும் இடம். அந்தக் கொமோடோ உடும்பின் பெயரே, ஆபீஸில் பழம் தின்று கொட்டை போட்ட மூத்த பெண்மணியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்தான். ஊர் வம்பு எல்லாம் அதே ஆபீஸின் கபாயேயின் வாயில் வந்துதான் போகும். ரெட்சுகோவின் தோழி ஃபென்னெகோ முகத்தில் ஒரு தசையும் அசையாமல் "ஹா ஹா ஹா" என்று சிரிப்பாள், அப்புறம் ஒருத்தர் போட்ட ஒரே ஒரு போட்டோவை வைத்து அவர் எங்கே, யாரோடு சாப்பிட்டார் என்று கண்டுபிடித்துவிடுவாள். தலைவரின் செயலாளரான வாஷிமியை செக்ரட்டரி பறவையாகவே வரைந்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு எதற்காக வெளியே போக வேண்டும்?

இரண்டாவது சீசனில் அனாய் என்று ஒரு புதுப் பையன் வருவான், ஞாபகம் இருக்கிறதா? ரெட்சுகோ மென்மையாக ஒரு திருத்தம் சொன்னதற்கே, எல்லாவற்றையும் எழுத்தில் கொடு என்று மின்னஞ்சலாக அனுப்பித் தள்ளுவான். ஆபீஸே அவனைக் கண்டு நடுங்கும். கடைசியில் அவனை வழிக்குக் கொண்டுவருவது கபாயே, அதுவும் அவன் சமையலைப் பாராட்டி. பயந்துபோன பிள்ளை சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. வம்பளக்கும் வாய் என்று நாம் ஒதுக்கிய அந்த அம்மாவிடம் அவ்வளவு பெரிய மனசு. அந்த ஒரு பகுதிக்கு ஈடாக இந்தத் தேர்தல் கதையில் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

நிஷிகசாய்வாசி எழுதியது:

டோக்கியோவிலிருந்து எழுதுகிறேன். இந்த சீசனில் என்னை உலுக்கியது அந்த நெட் கஃபேதான், அதனால் அதைப் பற்றி மட்டும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ராத்திரி கடைசி ரயிலைத் தவறவிட்டேன். இங்கே நள்ளிரவு தாண்டினால் ரயில் கிடையாது, காலை ஐந்து மணி சுமாருக்குத்தான் அடுத்தது. டாக்ஸிக்குக் கொடுக்கும் காசில் பாதிக்கும் குறைவு என்று ஒரு நெட் கஃபேக்குள் போனேன். "நைட் பேக்" என்று ஒரு கட்டணம், ராத்திரி முழுவதும் இருக்கலாம். சாவி மாதிரி ஒரு அட்டையில் எண் எழுதிக் கொடுத்தார்கள். அறை என்று சொல்ல முடியாது, தடுப்பு. என் தோள் உயரத்துக்குச் சற்று மேலே பலகை, கீழே கறுப்பு ரெக்ஸின் போட்ட மெத்தை, ஒரு கணினி, ஒரு மெல்லிய போர்வை. காலை முழுசாக நீட்டினால் பாதம் கதவில் இடித்தது. விளக்கை அணைக்க நமக்கு உரிமை இல்லை. இலவசமாகச் சோள சூப்பும் கோக்கோவும் வரும் இயந்திரம் ஒன்று நடையில் இருந்தது.

என் பக்கத்துத் தடுப்பின் விளிம்பில், ஹேங்கரில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரி கலையாமல் இருக்க வேண்டும் என்று கவனமாக மாட்டியது. வாசலில் பாலிஷ் போட்ட ஷூ. காலை ஆறு மணிக்கு அந்த மனிதர் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போனார். ரயிலைத் தவறவிட்டவர் அவ்வளவு பெரிய பெட்டி கொண்டுவர மாட்டார்.

டோக்கியோ அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடில்லாமல் இப்படிக் கடைகளில் தங்குபவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 4,000 பேர் என்று வந்தது. அவர்களில் 3,000 பேர் நிரந்தரமில்லாத வேலைகளைச் செய்பவர்கள். வேலை இல்லாதவர்கள் அல்ல, கவனியுங்கள். 2020 ஏப்ரலில் கொரோனா அவசரநிலையில் இந்தக் கடைகளை மூடச் சொன்னபோது, இவர்களுக்காக அரசே ஓட்டல் அறைகளை ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது.

ஹைடா அந்தத் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் காட்சியில் அந்தச் சட்டைதான் என் கண் முன்னால் வந்தது. ஷிகபானே, எதையும் எதிர்பார்க்காமல் அங்கேயே வாழும் அந்தப் பெண், ஒரு கார்ட்டூனில் இடம்பிடித்ததே எனக்குப் பெரிய விஷயம்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஹைடா மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, மன்னியுங்கள். மூன்று சீசன்கள் அவளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நான்காவதில் பதவி கிடைத்ததும் தப்பான வழியில் போனான். இப்போது வேலை போனதை, வீடு போனதைக்கூட அவளிடம் மறைக்கிறான். வீட்டுக்குப் பணக்கார அப்பா இருக்கிறார், நிஷிகசாய் அண்ணன் பார்த்த சட்டைக்காரருக்கு யார் இருந்தார்கள்?

நிஷிகசாய்வாசி எழுதியது:

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அப்பா கையை விரித்த பிறகுதானே அவன் அங்கே போகிறான்? மறைப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இங்கே வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தவர்கள் கதை 90-களின் பொருளாதாரச் சரிவிலிருந்தே உண்டு. அவமானம் அவ்வளவு கனம். ஹைடா செய்தது சரி என்று சொல்லவில்லை, அது இந்த ஊரில் நடக்காத விஷயம் இல்லை.

பற்றுவரவு எழுதியது:

தேன்மிட்டாய், அனாய் பகுதியைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், எனக்கும் அது மிகப் பிடிக்கும். ஆனால் என் கட்சியை விடமாட்டேன். அதற்கு டோனைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். நம் ஊரிலும் ஜப்பானிலும் நிதியாண்டு ஒன்றுதான், ஏப்ரல் முதல் மார்ச்வரை. அதனால் மார்ச் மாதத்துக் கணக்குப் பிரிவு எப்படி இருக்கும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மார்ச்சில், ஒரு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும்போது 90 ரூபாய் இடித்தது. ராத்திரி பத்து மணி. நான் வவுச்சரை முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தேன். எங்கள் தலைமைக் கணக்கர், பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலை நிலைக்காது என்று என் காதுபடவே சொன்னவர், மேசைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "90-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி வராது. எங்கேயோ இரண்டு எண்ணை இடம் மாற்றிப் போட்டிருக்கிறாய்" என்றார். ஐந்தாவது நிமிடம் கண்டுபிடித்தேன், 450 என்பதை 540 என்று அடித்திருந்தேன்.

அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று இல்லை. அவர் பேசிய பேச்சு இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் நான் இன்று செய்யும் வேலையில் பாதி அவர் கைப்பட வந்தது. பிறகு டேலி என்ற கணக்கு மென்பொருளும் தெரியாத, கணினியும் ஒத்துவராத அவரை நிர்வாகம் ஓரங்கட்டியது. கடைசி நாளில் தன் பச்சை மசிப் பேனாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

அதனால் நான்காவது சீசனில் கணினி வராத டோன், மணிச்சட்டம் வைத்துக் கணக்குப் போடும் அந்த டோன், புதிய தலைவர் ஹிமுரோவின் கணக்கில் தேவையில்லாத ஆளாகிப் போகும்போது என்னால் தாங்க முடியவில்லை. முதல் சீசனில் நான் வெறுத்த மனிதர் அவர். அவர் இடத்தில் ஹைடாவை உட்காரவைத்து, ஹிமுரோ அவனிடம் கேட்பது என்ன? கணக்கை மெருகேற்று என்கிறார். லாபத்தைக் கூட்டிக் காட்டு என்கிறார்.

இது கற்பனை என்று யாராவது நினைத்தால், 2015-இல் வெடித்த, ஜப்பானின் தோஷிபா நிறுவன விவகாரத்தைப் பாருங்கள். ஏழு ஆண்டுகளில் சுமார் 15,000 கோடி யென் லாபத்தை மிகைப்படுத்திக் காட்டியதாக விசாரணைக் குழு சொன்னது. மேலிடம் "சேலஞ்ச்" என்ற பெயரில் எட்ட முடியாத இலக்கைக் கொடுக்கும், கீழே உள்ளவர்கள் எண்ணை வளைப்பார்கள். ஹைடாவின் நிலை அதுதான்.

ஐந்தாவது சீசனை இந்தக் கோட்டிலிருந்து பாருங்கள். அவன் நெட் கஃபேக்குப் போனது ஆபீஸை விட்டு விலகிய கதை இல்லை. அந்த நாற்காலி அவனை எங்கே கொண்டுபோய் விட்டது என்ற கதை.

தேன்மிட்டாய் எழுதியது:

பச்சை மசிப் பேனாவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சரி, நெட் கஃபேவரை ஒத்துக்கொள்கிறேன். தேர்தல்? ஒரு கணக்குப் பிரிவுப் பெண், கரோக்கேயில் கத்துகிறாள் என்பதற்காக நாடாளுமன்ற வேட்பாளரா?

ஒலிபெருக்கி எழுதியது:

அரசியல் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஜப்பான் தேர்தல்களைச் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன்.

ஜப்பான் கீழவைக்குப் போட்டியிட வயது 25 போதும். ஆனால் தொகுதியில் நிற்க வைப்புத்தொகை 30 லட்சம் யென். செல்லும் வாக்குகளில் பத்தில் ஒரு பங்கு வாங்காவிட்டால் பணம் போச்சு. ஒரு சாதாரண ஆபீஸ் ஊழியருக்கு இது பெரிய தொகை. அதனால் யார் நிற்கிறார்கள்? அங்கே "மூன்று பான்" என்று சொல்வார்கள்: ஜிபான், கன்பான், கபான். தொகுதி, பெயர்ப்பலகை, பணப்பை. இந்த மூன்றையும் அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். 2024 வரை பிரதமராக இருந்த கிஷிதாவின் அப்பா, தாத்தா இருவரும் கீழவை உறுப்பினர்கள். அவருக்கு முன்பு பிரதமராக இருந்த அபேயின் தாத்தாவும் பிரதமர், அப்பா வெளியுறவு அமைச்சர்.

இப்போது ஹைடாவின் குடும்பத்தைப் பாருங்கள். அரசியல் குடும்பம், வாரிசாகத் தம்பி ஜிரோ தயாராக இருக்கிறான். அவர்களுக்கு நாடாளுமன்ற இருக்கை என்பது வீட்டுச் சொத்து மாதிரி. அதற்கு எதிரே, சொந்த மேசைக்கே "முக்காலி" என்று பேச்சு வாங்கிய பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். 2021 அக்டோபர் தேர்தலில் 465 இடங்களில் 45-இல்தான் பெண்கள் ஜெயித்தார்கள். இருபதுகளில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்கள்தான் வாக்களித்தார்கள். ரெட்சுகோவின் வயதுக்காரர்கள் வாக்குச்சாவடிக்கே போகாத நாட்டில் இந்தக் கதை தற்செயலாக வரவில்லை.

எனக்கும் ஒரு குறை உண்டு. அவளைக் கூப்பிடும் அந்த ஆத்திரக் கட்சிக்கு ஆத்திரத்தைத் தவிர ஒரு கொள்கையும் சரியாகச் சொல்லப்படவில்லை. இன்னும் இரண்டு பகுதிகள் இருந்திருந்தால் அதைச் செய்திருக்கலாம்.

அந்திக்கருக்கல் எழுதியது:

ஐந்து சீசனாக எனக்கு உள்ள உறுத்தலைச் சொல்கிறேன். கத்திவிட்டு மறுநாள் அதே வேலைக்குத்தானே போகிறாள்? கரோக்கே அறை ஒரு பாதுகாப்பு வால்வு. ஆவி வெளியே போய்விடுகிறது, குக்கர் அப்படியே அடுப்பில் இருக்கிறது.

ஒலிபெருக்கி எழுதியது:

அப்படியேதான் இருந்தது என்று சொல்ல முடியாது. இந்தத் தொடர் ஓடிய இதே ஆண்டுகளில் அங்கே சட்டம் மாறியிருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து கூடுதல் நேர வேலைக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று வரம்பு, சிறு நிறுவனங்களுக்கு ஒரு வருடம் கழித்து. அதிகாரத்தை வைத்துத் துன்புறுத்துவதை, அங்கே "பவஹரா" என்பார்கள், தடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று 2020 ஜூனில் பெரிய நிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரலில் மற்றவற்றுக்கும் வந்தது. முதல் சீசன் டோனின் பேச்சை இன்று அப்படியே ஒரு ஜப்பான் ஆபீஸில் பேசினால் புகார் கொடுக்க வழி இருக்கிறது. வழி இருப்பதும் கொடுக்கத் துணிவதும் வேறு வேறு, அது எனக்கும் தெரியும்.

பற்றுவரவு எழுதியது:

அந்திக்கருக்கல் கேட்டதைத்தான் இந்த சீசனும் கேட்கிறது என்று நினைக்கிறேன். நாலு சுவருக்குள் ஒருத்தி மட்டும் கத்திக்கொண்டிருந்த கத்தலை இந்த முறை தெருவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒலிவாங்கி அதேதான், கேட்க ஆட்கள் நிற்கிறார்கள். முதல் சீசனில் தன் குரல் யாருக்கும் தெரிந்துவிடுமோ என்று எப்படிப் பயந்தாள் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.

நிஷிகசாய்வாசி எழுதியது:

தனியாகக் கரோக்கே பாடுவது இங்கே விசித்திரமே இல்லை. "ஹிதோகரா" என்று பெயரே உண்டு. 2011-இல் கண்டா ஸ்டேஷன் பக்கத்தில் ஒருவர் மட்டும் பாடுவதற்கென்றே அறைகள் உள்ள கடை திறந்தார்கள். நானும் போவேன். சுற்றிலும் ஜப்பானியம் பேசிக் களைத்துப்போன நாளில், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செல்பேசியில் தமிழ்ப் பாட்டை ஓடவிட்டுக் கூடவே பாடுவேன். யாருக்கும் புரியாது, அதுவே நிம்மதி.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஹைடாவைத் திட்டியவன் நான்தான். நீங்கள் எல்லாம் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி நான்காவது சீசனின் கடைசி மூன்று பகுதிகளைத் திரும்பப் பார்த்தேன். அவன் மறைப்பது இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை வளைக்கச் சொல்லும்போது அவன் முகம் போகும் போக்கை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. பதவி வந்த மிதப்பு என்று நினைத்தேன், பயம் அது.

புதியவள் எழுதியது:

வணக்கம், முதல் பதிவு. அக்காவுக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது, அவளும் கணக்குப் பிரிவுதான். அவளோடு சேர்ந்து பார்க்கலாம் என்று ஆசை. நேராக ஐந்தாவது பார்க்கலாமா, முதலிலிருந்தா?

தேன்மிட்டாய் எழுதியது:

முதலிலிருந்தே பாருங்கள். ஐந்து சீசன், ஐம்பது பகுதி, எல்லாம் கால் மணி நேரம். அதோடு 2018 டிசம்பரில் வந்த கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி ஒன்று, அதை முதல் சீசனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய ஒலியில் பாருங்கள், ரெட்சுகோவின் பகல் குரலும் ராத்திரிக் குரலும் மாறும் அந்த நொடி அதில்தான் முழுசாகக் கிடைக்கும்.

பற்றுவரவு எழுதியது:

அக்காவுக்கு என் வாழ்த்துகள். ஏப்ரல் பிறந்ததும் ஆரம்பியுங்கள் தங்கச்சி, மார்ச்சில் அவளுக்குத் தூங்கவே நேரம் இருக்காது. 9-ஆல் வகுத்துப் பார்க்கும் விஷயத்தை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.